மூன்றாம் ஓலை வாசிக்கும் முன்

பெரம்பலூரில் டயர் கடை மாடியில் இத்தாலியன் வகுப்பு நடத்தும் என் மகனுக்கு, அரியலூர்ப் பக்கத்திலிருந்து உன் அம்மா எழுதுவது. சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று நம் கோயிலில் உன் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு வாசிக்கிற அறிவிப்பில் இரண்டாம் ஓலை வாசித்தபோது நீ சௌக்கியமாகத்தான் இருந்தாய், கண்ணால் பார்த்தேன். ஆண்கள் பக்கம் முன்வரிசையில், பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டு, அந்தப் புழுக்கத்திலும் டை கட்டிக்கொண்டு நின்றாய். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று சாமியார் வாசிக்கும்போது நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். எனக்கு ஒரு தடை தெரியும். உனக்கும் அது தெரியும். பூசை முடிந்து வெளியே வந்து "பேசணும்டா" என்றேன். "கிளாஸ் இருக்கும்மா, அப்பறம் போன் பண்றேன்" என்று பைக்கை உதைத்துக்கொண்டு பறந்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை யாருக்குடா கிளாஸ்? நான் போன் போட்டால் கட் பண்ணுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, உட்கார்ந்து படி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன்னைப் போல எனக்குச் சுற்றி வளைக்க வராது. நீ கட்டிக்கொள்ளப்போகிற ஜெசிந்தா நர்ஸ் படிப்புப் படித்து, திருச்சி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பெண். இத்தாலியில் அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை தயாராக இருக்கிறது என்று சொல்லி அவளையும் அவள் அப்பாவையும் நம்ப வைத்திருக்கிறாய். அதை நம்பித்தான் அவள் இருந்த வேலையையும் விட்டுவிட்டு உன் மாடிக்கு வந்து போகிறாள். ஆஸ்பத்திரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருப்பது என்னவென்றால், இத்தாலியில் நான் வேலை பார்த்த வீட்டு எஜமானியம்மா, அதான் சின்யோரா, அவளுடைய மகள் எனக்குப் போன் செய்து, தன் அத்தை படுத்த படுக்கையாகிவிட்டாள், பார்த்துக்கொள்ள நம் ஊரிலிருந்து யாராவது வருவார்களா என்று கேட்டாள். பக்கத்தில் நின்று கேட்ட நீ அன்றைக்கே அதை ஆஸ்பத்திரியாகக் கட்டி முடித்துவிட்டாய். நம் ஊர் நர்ஸ் படிப்பை அங்கே ஏற்றுக்கொள்ள ஏகப்பட்ட பேப்பர் வேலை உண்டு, பரீட்சை உண்டு. அது முடிகிறவரை அவள் ஒரு கிழவியைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, சோறு ஊட்டப்போகிறாள். நீயோ அவள் விசாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறப்போகிறாய். அவள் அந்த வேலைக்கு வரமாட்டாள் என்று நான் சொல்லவில்லை. வருவதும் வராததும் அவள் பாடு. தெரிந்து வரவேண்டும், அவ்வளவுதான். வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. அதற்குள் நீ அவளிடம் சொல்லவேண்டும். இல்லையென்றால் சாமியார் அந்த வரியை வாசிக்கும்போது பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்து நிற்பேன். நம் கோயிலில் இதுவரை ஒருத்தரும் அந்த வரிக்கு எழுந்ததில்லை. எனக்கு வெட்கம் எல்லாம் கிடையாது, உனக்கே தெரியும்.

உன் வகுப்பைப் பார்க்க ஒரு தரம் வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெயிலில் விசாரித்துக்கொண்டு வந்தேன். கீழே டயர் கடை ரப்பர் நாற்றம், மேலே உன் போர்டு. "விஞ்ஞான முறையில் இத்தாலியன். அசை, அழுத்தம், சொல்லாக்கம்." அதற்குக் கீழே உன் படம், கண்ணாடியோடு. கட்டடத்துக்காரர் லப்பைக்குடிக்காட்டு பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்கம்மா, சாரோட அம்மாவா? உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார். அவர் கதையை நான் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார். "டிரைவர் வேலைன்னு சொல்லித்தான் மஸ்கட் கூட்டிட்டுப் போனாங்கம்மா. போய்ப் பாத்தா ஆட்டுக் கொட்டாய் கழுவுற வேலை. கழுவுனேன். என்ன பண்றது, வூட்டுல புள்ளைங்க இருக்குதுங்களே. அல்ஹம்துலில்லாஹ், அந்த ஆட்டுப் புழுக்கையில எழும்புன மாடிதாம்மா இது." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் அவர் கேட்டார்: "நீங்க அங்க ஆஸ்பத்திரியில சூப்பர்வைசராமே? சார் சொன்னாரு." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஆட்டுக் கொட்டாய் கழுவியதை உரக்கச் சொல்கிற மனிதரின் மாடியில் வாடகைக்கு உட்கார்ந்துகொண்டு, பெற்ற தாயின் வேலையை மாற்றிச் சொல்லியிருக்கிறாய். பிறகு உன்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டதற்கு, "அது சும்மா வெளம்பரத்துக்கும்மா, நீ ஏன் பெருசு பண்ற" என்றாய். விளம்பரம்! சோப்பு விற்கிறவன்கூட சோப்பைத்தான் விளம்பரம் செய்கிறான், அம்மாவை இல்லை.

அன்றைக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உன் பாடத்தையும் கேட்டேன். மர ஸ்கேலால் மேசையைத் தட்டினாய். "ஃபி, நே, ஸ்த்ரா. ஃபி-நே-ஸ்த்ரா. ஜன்னல். நடு அசையில அழுத்தம், அங்க மட்டும் ஸ்கேலு பலமா விழணும்" என்றாய். நர்ஸ் பெண்கள் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண் எழுந்து, "சார், இந்த முறை யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள். நீ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மிலான்ல ஒரு குழு ரொம்ப வருஷம் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது" என்றாய். அடப்பாவி! அந்தக் குழு கடைசி பெஞ்சில் டீ குடித்த வாயோடு உட்கார்ந்திருந்தது. ஒருத்தி நான். இன்னொருத்தி செத்துப்போய்விட்டாள். அவளைப் பற்றி உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், முழுதாகக் கேட்க உனக்குப் பொறுமை இருந்ததே இல்லை. இப்போது கேள்.

நான் போனது தொண்ணூற்று ஐந்தில். உன் அப்பா சிமெண்ட் ஆலையில் லோடு ஏற்றிக்கொண்டு இருமிக்கொண்டிருந்த காலம். கன்னியர் மடத்து சிஸ்டர்கள் வழியாகத்தான் அந்த வேலை கிடைத்தது. மிலானுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். சின்யோரா துணிக்கடை நடத்தியவள். கடைத்தெருவையே வாயால் ஆட்டி வைத்தவளாம், அவள் மகளே சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போயிருந்தது. வாயைத் திறந்தால் ஒரு ஓசை வரும், அவ்வளவுதான். எனக்கோ அவள் மொழி ஒரு வார்த்தை தெரியாது. பேசத் தெரியாத ரெண்டு பேரும் ஒரு அறைக்குள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு கிடந்தோம். வந்த புதிதில் நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நம் ஊர்ப் பாஷையில் சுவரோடு பேசியிருக்கிறேன். உனக்கு அதெல்லாம் தெரியவேண்டாம் என்றுதான் கடிதத்தில் எழுதவில்லை.

பேச்சுப் பயிற்சி சொல்லித்தர ஒரு இளம்பெண் வாரத்துக்கு ஒரு நாள் வருவாள். படுக்கையை நிமிர்த்தி, மேசையை முன்னால் இழுத்துப் போட்டு, சின்யோராவின் நல்ல கையைப் பிடித்து மேசையில் தட்ட வைப்பாள். ஒரு தட்டுக்கு ஒரு அசை. பா-னே, ரொட்டி. மா-நோ, கை. எங்கே கனமோ அங்கே ஓங்கித் தட்டு. அவள் வராத நாட்களில் நான்தான் அதைச் செய்ய வேண்டும் என்று கைஜாடையால் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அப்படித்தான் நான் இத்தாலியன் படித்தேன். அவளுக்கு மறந்துபோன மொழி, எனக்குத் தெரியாத மொழி, ரெண்டு பேருக்கும் ஒரே பாடம். லெத்-தோ என்றால் கட்டில். அக்-குவா என்றால் தண்ணீர். அந்த இரட்டை எழுத்தெல்லாம் எனக்குச் சட்டென்று வந்தது, அத்தை, அக்கா என்று சொல்லி வளர்ந்த நாக்குக்கு அது ஒரு விஷயமா? ஜன்னல்தான் என்னைப் படாத பாடு படுத்தியது. ஃபி-நேஸ்-த்ரா என்று நான் வெட்டுவேன். அந்தப் பெண் தலையை ஆட்டி, அந்த 'ஸ்' அடுத்த அசைக்குப் போகவேண்டும், ஃபி-நே-ஸ்த்ரா என்பாள். கனமும் எனக்கு முதல் அசையிலேயே போய் விழும், நம் பேச்சு அப்படி. தா-வொ-லோ, மேசை, அதற்கு மட்டும் தலையில் கனம் சரியாக இருந்தது. நகரத்துக்கு சித்-தா, அதில் கடைசியில் ஏற்றவேண்டும். வயலில் தூரத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிடுவது மாதிரி என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். சின்யோராவுக்கு ஓசை தெரியும், வாய் வராது. எனக்கு வாய் வரும், ஓசை தெரியாது. நான் தப்பாகச் சொன்னால் அவள் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். சரியாகச் சொன்னால் திறப்பாள். இதுதான் உன் மிலான் ஆராய்ச்சிக் குழு.

இதில் ஒரு கூத்து நடந்தது. அந்த இளம்பெண் நல்லவள்தான், ஆனால் பெரிய மனுஷியைக் குழந்தையாகக் கொஞ்சுவாள். அந்த மொழியில் வார்த்தைக்கு வால் வைக்கலாம் என்று உன் நோட்டிலேயே எழுதியிருக்கிறாயே, சின்னதுக்கு ஒரு வால், பெரிசுக்கு ஒரு வால். கை என்பதற்கு மா-நோ என்றில்லாமல், குட்டிக் கை, மா-நீ-னா, "அந்த மாநீனாவைக் கொடுங்க பார்க்கலாம்" என்று குழைவாள். ஒரு ஊரையே ஆட்டி வைத்தவளைப் பார்த்துக் குட்டிக் கையாம்! சின்யோரா கண்ணில் நெருப்பு பறக்கும், வாய்தான் வராது. ஒரு மழை நாளில் அந்தப் பெண் ஜன்னலைக் காட்டி, "வெளியே என்ன தெரியுது? சொல்லுங்க கண்ணு" என்று குழைந்தாள். சின்யோரா ஜன்னலைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தாள். நல்ல கையை எடுத்து மேசையில் தட்டினாள். தெம். ஓங்கி ஒரு தட்டு, பாச். அப்புறம் லேசாக, சோ. தெம்-பாச்-சோ. பாழாய்ப் போன மழை என்று அர்த்தம். காலத்துக்கும் வானிலைக்கும் தெம்போ என்பார்கள், அதன் பின்னால் இகழ்ச்சிக்கு வைக்கிற வாலைச் சேர்த்தால் இது. மாதக் கணக்கில் பானே, மாநோ என்று கெஞ்சியும் வராத பேச்சு, திட்டுவதற்கு வந்தது! அந்தப் பெண் கைதட்டிக்கொண்டு குதித்தாள், மழையைத்தான் திட்டினாள் என்று நினைத்துவிட்டாள். சின்யோரா என்னைப் பார்த்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன், அப்புறம் ஏனோ அழுதேன். அன்றிலிருந்து நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் அந்த வாலை மாட்டினோம். சூப்புக்கு மாட்டினோம், மருந்துக்கு மாட்டினோம், அவள் மாப்பிள்ளைக்கு மாட்டினோம். உன் நோட்டில் சின்ன வால் இருக்கிறது, பெரிய வால் இருக்கிறது, இந்த வாலை மட்டும் காணோம். ஏன் விட்டாய்? அது இல்லாமல் அந்த ஊரில் ஒரு நாள் ஓட்ட முடியாது. பையனுக்கு ர-காத்-ஸோ. அதில் இதைச் சேர்த்தால் ர-கத்-ஸாச்-சோ, உருப்படாத பயல். உனக்குப் பொருத்தமாக இருக்கும், எழுதிப் போர்டில் மாட்டிக்கொள்.

நான் திரும்பி வந்தபிறகு நீ இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் ஃபேனுக்கு அடியில் கிடந்தாய். "எனக்கும் சொல்லிக் கொடும்மா" என்று கேட்டதும் நான் அடுப்படியில் உட்கார வைத்து, கவிழ்த்த சொம்பில் தட்டிச் சொல்லிக் கொடுத்தேன். உனக்குச் சீக்கிரம் வந்தது. அப்புறம் கேசட் வாங்கினாய், புத்தகம் வாங்கினாய், என்னைவிட நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டாய். அதை நான் மறுக்கவில்லை. அழுத்தம் எங்கே விழும் என்பதில் நீ சொல்வதுதான் சரி, நான் இன்றைக்கும் பாதி வார்த்தையைத் தலையில்தான் அடிக்கிறேன். உன் இத்தாலியனில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். குறை எல்லாம் உன்னிடம்தான். அந்த அடுப்படியும் அந்தப் படுக்கையும் உன் வாயில் வந்தால் உன் டை கசங்கிவிடுமா? நீ மளிகைக் கடையில் விடைபெறும்போது இத்தாலியனில் "சாவ்" என்று சொல்லி, அண்ணாச்சி அடிக்க வந்தாராமே, ஊரே சொல்லிச் சிரிக்கிறது. அதற்கெல்லாம் வெட்கப்படாதவன் இதற்கு வெட்கப்படுகிறாய்.

நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். ஜெசிந்தா வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, ரெண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்து, தாம்பாளம் மாற்றப்போகும் நேரம். அவள் அப்பா தன்மையான மனுஷன், என் பக்கம் திரும்பி, "சம்பந்தியம்மா, நீங்க அங்க எந்த வார்டுல இருந்தீங்க? எம் பொண்ணையும் அங்கயே போட்டுருவாங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஐ.சி.யு. சூப்பர்வைசருங்க மாமா, இவளுக்கும் அதே ஆஸ்பத்திரிதான், எல்லாம் பேசியாச்சு" என்றாய். உன் அப்பா குனிந்து ஜமுக்காளத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார், அந்த மனுஷனுக்கு வேறென்ன தெரியும். நான் சபையில் வாயை மூடிக்கொண்டேன். தட்டு மாற்றுகிற நேரத்தில் அந்தப் பெண்ணை அழ வைக்க மனம் வரவில்லை. அதற்காக உன்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை, அவளிடம் வேண்டுமானால் கேட்பேன்.

அதோடு விட்டாயா? ஜெசிந்தா ஆசையாக, "அத்தை, நீங்க கொஞ்சம் இத்தாலியன் பேசுங்களேன், கேப்போம்" என்றாள். நான் ஜன்னலைக் காட்டி, ஃபி... நே... ஸ்த்ரா என்றேன். எனக்கு அப்படித்தான் வரும், நிறுத்தி நிறுத்தி, விரல் தானாக முழங்காலில் தட்டும். நீ பெரிதாகச் சிரித்துவிட்டு, "அம்மாவோட இத்தாலியன் எப்பவும் ஸ்ட்ரோக் வந்தவங்க பேசுற மாதிரியே இருக்கும்" என்றாய். கூடமே சிரித்தது. டேய், அவர்களுக்குத் தெரியாது, சிரித்தார்கள். உனக்குத் தெரியும். நான் யாரோடு உட்கார்ந்து எப்படிப் படித்தேன் என்று உன் அப்பாவை விட்டால் அந்தக் கூடத்தில் தெரிந்த ஒரே ஆள் நீ. தெரிந்துகொண்டே அதை நையாண்டியாக்கி, கைதட்டல் வாங்கிக்கொண்டாய். ஆமாம், ஸ்ட்ரோக் வந்தவள் பேச்சுதான் என் பேச்சு. அந்தப் பேச்சில்தான் நீ காலேஜ் ஃபீஸ் கட்டினாய், பைக் வாங்கினாய், இன்றைக்கு ஸ்கேலைத் தட்டிக்கொண்டு சார் ஆகியிருக்கிறாய். அன்றைக்கு வலித்தது மாதிரி எனக்கு அந்த ஊரில் இருந்த காலம் முழுவதும் ஒரு நாளும் வலிக்கவில்லை. வயது ஆகிறது, சில சமயம் அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றும். இதை விடமுடியவில்லை.

உன் வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறாய் என்று யோசித்துப் பார்த்தேன். ஜன்னல், மேசை, விமான நிலையம், ரயில் டிக்கெட், என் பெயர் இன்னது. அங்கே போனதும் அவளுக்கு முதல் நாளே வேண்டிய வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை. ஃபா மா-லே? வலிக்குதா? நான் அந்த வீட்டில் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான். மெதுவாக, திரும்புங்கள், இன்னும் ஒரு வாய், முடிந்துவிட்டது, பயப்படாதீர்கள், ஈரமாக இருக்கிறதா. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? நான் உனக்குச் சொம்பில் தட்டிச் சொல்லிக்கொடுத்ததே அதைத்தான். அதைச் சொல்லிக்கொடுத்தால் அவள் "இது எதுக்குங்க சார்?" என்று கேட்பாள், கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறாய். உன் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள, கட்டிக்கொள்ளப் போகிறவளை ஊமையாக அனுப்பப் பார்க்கிறாய். நான் ஊமையாகப் போனேன், எனக்கு வேறு வழி இல்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அவளுக்கு ரெண்டு பேர் இருக்கிறோமே! இதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கண்ணாடி, டை, சூப்பர்வைசர், எல்லாவற்றையும் மன்னித்துத் தொலைக்கலாம், இதை என்னால் முடியாது.

இவ்வளவு எழுதிவிட்டு, ஞாயிறு வரை உனக்குக் கெடு என்று முடித்துத் தபாலில் போடுவதாகத்தான் இருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெசிந்தா. பெரம்பலூருக்கு உன் வகுப்புக்குப் போகிற வழியில், முந்தின பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். "தோத்திரம் அத்தை. மாமா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். இல்லை என்றதும் அவளுக்கு முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. உட்கார்ந்தாள், புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள். அப்புறம் கேட்டாள்.

"அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னைக்கு அவரு ஸ்ட்ரோக் வந்தவங்க மாதிரின்னு சொன்னாரே, எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க சிரிக்கல. மாமாவும் சிரிக்கல."

"ஆமா, சிரிக்கல" என்றேன்.

"நான் திருச்சியில அந்த வார்டுல இருந்தவ அத்தை. பேச்சு போனவங்களுக்கு இப்படித்தான் மேசையத் தட்டித் தட்டிச் சொல்லித் தருவாங்க. உங்க வெரலு அன்னைக்கு முட்டியில தட்டிச்சு. அவரு கிளாஸுல ஸ்கேலத் தட்டுறதும் அதேதான். ஐ.சி.யு.ல யாரும் அப்படித் தட்ட மாட்டாங்களே. நெசமாச் சொல்லுங்க அத்தை, நீங்க அங்க என்ன வேலை பாத்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டதடா. உன் கண்ணாடியும் போர்டும் ஒரு முட்டியைத் தட்டிய விரலுக்குமுன் நிற்கவில்லை பார். அவள் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "வேலை எதுவா இருந்தாலும் நான் செய்வேன் அத்தை, எனக்குப் பழக்கம்தான். ஆனா எங்கிட்ட ஏன் சொல்லல? வேலைய மறைச்சாரா, இல்ல அவரே அப்படியா?" என்றாள். உன்னைப் பெற்றவள் நான், உனக்காக ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. "கொஞ்சம் இரும்மா, காபி போடறேன்" என்று உள்ளே வந்துவிட்டேன். காபியை அவள் கையில் கொடுத்துவிட்டு, இப்போது இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன்.

மேலே சொன்ன கெடுவை எல்லாம் விட்டுவிடு. உனக்கு ஒரு வாரம் கொடுத்தால் அந்த ஒரு வாரமும் இன்னொரு கதை கட்டுவாய், உன்னை எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். கவரில் போட்டுக் கொடுப்பேன், ஒட்டமாட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் படித்துக்கொண்டே போ என்று சொல்லி அனுப்புவேன். படித்துவிட்டுப் பாதி வழியில் இறங்கி அவள் வீட்டுக்குத் திரும்பினால் இந்தக் கடிதம் உன் கைக்கு வராது. அப்படி வராமல் போனால் அது உனக்குத் தகும். வந்தால், இதை நீ படித்து முடிக்கும்போது அவள் உன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பாள். எல்லாம் தெரிந்துகொண்டு, உன் வாயால் கேட்பதற்காக இத்தனை தூரம் வந்து நிற்கிறாள் என்று அர்த்தம். அதற்கு நீ கொடுத்து வைத்திருக்கவேண்டும்.

காகிதத்தைக் கீழே வை. கண்ணாடியைக் கழற்று. வாய் வராது, தெரியும், சின்யோராவுக்கும் வரவில்லை. அந்த ஸ்கேலை விட்டுவிட்டு விரலால் மேசையைத் தட்டிக்கொள். ஒரு அசை, அப்புறம் அடுத்தது. அவள் நர்ஸ், காத்திருப்பாள். எங்-கம்-மா. அங்கிருந்து ஆரம்பி.